அமெரிக்காவின் காலனிக் காலம்: திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள்

நவம்பர் வந்தால் வான்கோழி, அக்டோபரில் சூனியக்காரி வேஷம், ஜூலையில் வாணவேடிக்கை. ஒவ்வொரு சீசனிலும் எனக்கு அதே கேள்விகள்தான் வருகின்றன. பிள்ளைகளை அமெரிக்கப் பள்ளிக்கு அனுப்பும் சொந்தக்காரர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், வாட்ஸப்பில் எதையோ பார்த்துவிட்டு "இது உண்மையா?" என்று அனுப்புகிறவர்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட ஒரே இடத்தில் போட்டுவிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொண்டே படியுங்கள். ஒரு சம்பவம் எந்த ஆண்டு நடந்தது என்பது மட்டும் போதாது, அதை யார் முதன்முதலில் எந்த ஆண்டு எழுதினார்கள் என்றும் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அமெரிக்காவைக் கண்டுபிடிச்சது கொலம்பஸ்தானே, அப்ப முதல்ல குடியேறினதும் அவர் ஆளுங்கதானா?

கொலம்பஸ் 1492-இல் இறங்கியது பஹாமாஸ் தீவுகளில். இன்றைய ஐக்கிய அமெரிக்காவின் முக்கிய நிலப்பரப்பில் அவர் கடைசிவரை கால் வைக்கவே இல்லை. அந்த நிலத்தில் ஐரோப்பியர் அமைத்து இன்றுவரை தொடர்ந்து மக்கள் வாழும் மிகப் பழைய ஊர் என்றால் அது ஃபுளோரிடாவில் இருக்கும் செயின்ட் அகஸ்டின். 1565-இல் ஸ்பானியர்கள் அமைத்தது. ஆங்கிலேயர்கள் அதற்கப்புறம்தான் வந்தார்கள், அதுவும் முதல் முயற்சியில் தோற்றுப்போனார்கள். 1587-இல் ரோனோக் தீவில் விட்டுவிட்டுப் போன குடியேறிகள், 1590-இல் ஆள் திரும்பிவந்து பார்த்தபோது அங்கே இல்லை.

ஆங்கிலேயர் அமைத்து நிலைத்த முதல் குடியேற்றம் 1607-இல் வர்ஜீனியாவில் தொடங்கிய ஜேம்ஸ்டவுன். அந்த ஆண்டிலிருந்து 1776 வரையான காலத்தைத்தான் இந்தப் பக்கத்தில் காலனிக் காலம் என்கிறேன்.

எங்க பொண்ணு புத்தகத்துல மேஃபிளவர் கப்பல்ல வந்தவங்கதான் முதல்ல வந்த மாதிரி போட்டிருக்கே?

மேஃபிளவர் வந்தது 1620-இல், ஜேம்ஸ்டவுனுக்கு 13 வருஷம் கழித்து. ஆனாலும் அந்தக் கதைதான் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பாடப் புத்தகங்களையும் வரலாற்றையும் அதிகம் எழுதியவர்கள், மேஃபிளவர் வந்து இறங்கிய நியூ இங்கிலாந்து என்ற வடகிழக்குப் பகுதிக்காரர்கள். தங்கள் ஊர்க் கதையை நாட்டின் கதையாக்கினார்கள். அதுவும் வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போருக்குப் பிறகு, அடிமைகளை வைத்துப் புகையிலை விளைவித்த வர்ஜீனியாவை நாட்டின் தொட்டில் என்று சொல்ல வட மாநிலத்துக்காரர்களுக்கு என்ன அவசியம் இருந்திருக்கும்?

இன்னொன்று, ஜேம்ஸ்டவுன் கதை குழந்தைகளுக்குச் சொல்கிற மாதிரி இல்லை. அது ஒரு வியாபாரக் கம்பெனியின் முதலீடு. 1607-இல் இறங்கிய 104 பேரில் ஒன்பது மாதத்துக்குள் 38 பேர்தான் மிச்சம். 1609-10 குளிர்காலத்தில் கோட்டைக்குள் இருந்த சுமார் 300 பேர் 60 பேராகக் குறைந்தார்கள். அந்தப் பஞ்சத்தில் பிணத்தைத் தின்றார்கள் என்று அப்போதே சிலர் எழுதி வைத்திருந்தார்கள், மிகைப்படுத்தல் என்று பலர் ஒதுக்கினார்கள். 2012-இல் அங்கே ஒரு நிலவறைக் குப்பையைத் தோண்டியபோது, அறுத்துத் தின்ற குதிரை, நாய் எலும்புகளோடு சுமார் 14 வயதுப் பெண் ஒருத்தியின் மண்டையோடு கிடைத்தது. நெற்றியில் தயங்கித் தயங்கிப் போட்ட வெட்டுகள், பின்மண்டையில் பலமான வெட்டுகள், தாடையில் கத்தி கீறிய தடம். அதற்கப்புறம் மிகைப்படுத்தல் என்ற பேச்சு நின்றுவிட்டது.

ஆனா அவங்க மத சுதந்திரத்துக்காகத்தானே வந்தாங்க?

தங்கள் மதத்தைத் தாங்கள் பின்பற்றுகிற சுதந்திரத்துக்காக வந்தார்கள். அடுத்தவனுக்கும் அதே சுதந்திரம் உண்டு என்பது அவர்கள் கணக்கிலேயே இல்லை. மேஃபிளவரில் வந்த 102 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் மதம் காரணம், மற்றவர்கள் பிழைப்புத் தேடி வந்தவர்கள். மதக் காரணத்துக்காக வந்தவர்களும் நேராக இங்கிலாந்திலிருந்து தப்பி வந்தவர்கள் இல்லை. அதற்கு முன் பல வருஷம் ஹாலந்தில் லைடன் நகரில் யாருடைய தொந்தரவும் இல்லாமல்தான் இருந்தார்கள். அங்கே பிழைப்பு கஷ்டம், பிள்ளைகள் டச்சுக்காரர்களாகவே மாறிவிடுவார்கள் என்ற பயம் வேறு.

1630-இல் பெருந்திரளாக வந்து மாசசூசெட்ஸ் விரிகுடாக் காலனியை அமைத்த பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினர் இன்னும் கறார். வேறு கருத்து சொன்ன ரோஜர் வில்லியம்ஸை விரட்டினார்கள், அவர் போய் 1636-இல் பிராவிடன்ஸ் நகரைத் தொடங்கினார். ஆன் ஹட்சின்சன் என்ற பெண்மணியையும் நாடு கடத்தினார்கள். குவேக்கர் பிரிவைச் சேர்ந்த மேரி டயரை 1660-இல் பாஸ்டனில் தூக்கில் போட்டார்கள். 1659-இல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம் என்று சட்டமே போட்டார்கள், அது 1681 வரை இருந்தது. கிறிஸ்துமஸைத் தடை செய்தவர்கள் கிறிஸ்தவர்களேதான் என்று சொன்னால் இப்போதும் பலர் நம்புவதில்லை.

அவங்க கறுப்பு டிரஸ், தொப்பியில பக்கிள் எல்லாம் போட்டிருந்தாங்களா?

அது பிற்காலத்து ஓவியர்களின் கைவண்ணம். மேஃபிளவர்க்காரர்கள் அமைத்த பிளிமத் ஊரின் பெரியவர் வில்லியம் புரூஸ்டர் 1644-இல் இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியலில் ஊதா நிறக் கோட்டும் பச்சை உள்ளுடையும் இருக்கின்றன.

வெள்ளைக்காரங்க வரும்போது அங்க வெறும் காடுதானே இருந்தது?

காலி மாதிரித் தெரிந்தது, ஆனால் காலி செய்தது நோய். 1616 முதல் 1619 வரை நியூ இங்கிலாந்துக் கரையோரத்தில் ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த ஒரு கொள்ளைநோய் பூர்வகுடிகளைக் கிராமம் கிராமமாக அழித்தது. மேஃபிளவர்க்காரர்கள் ஊர் அமைத்த இடம் படுக்ஸெட் என்ற கிராமம். ஏற்கெனவே காடு வெட்டிச் சோளம் பயிரிட்ட வயல்கள் அங்கே தயாராக இருந்தன. பயிரிட்டவர்கள்தான் உயிரோடு இல்லை.

அந்தக் கிராமத்து ஆள் ஒருவர் தப்பியிருந்தார். ஸ்குவாண்டோ என்று பாடப் புத்தகத்தில் வரும் டிஸ்குவாண்டம். "வெள்ளையர்களுக்குச் சோளம் நடக் கற்றுக்கொடுத்த நல்ல மனிதர்" என்ற அளவோடு நிறுத்திவிடுவார்கள். அவருக்கு எப்படி இங்கிலீஷ் தெரிந்தது என்று எந்தப் பிள்ளையாவது கேட்டால் சிக்கல்தான். 1614-இல் ஓர் ஆங்கிலக் கப்பல்காரன் அவரைப் பிடித்துப்போய் ஸ்பெயினின் மலகா நகரில் அடிமையாக விற்றான். அங்கிருந்து எப்படியோ லண்டன் போய், 1619-இல் ஊர் திரும்பினால் ஊரே இல்லை.

அப்ப தேங்க்ஸ்கிவிங் விருந்து பொய்யா?

விருந்து நடந்தது உண்மை. 1621 இலையுதிர் காலத்தில், முதல் குளிர்காலத்தில் பாதிப் பேரைப் பறிகொடுத்த பிறகு கிடைத்த அறுவடைக்காக மூன்று நாள் நடந்தது. எட்வர்ட் வின்ஸ்லோ என்பவர் எழுதிய கடிதத்தில் சில வரிகள் இருக்கின்றன. வாம்பனோக் என்ற பூர்வகுடி மக்களின் தலைவர் மாசசாய்ட் 90 ஆட்களோடு வந்தார், அவர்கள் ஐந்து மான் வேட்டையாடிக் கொண்டுவந்தார்கள், குடியேறிகள் பறவைகள் சுட்டார்கள். வான்கோழி என்று அந்தக் கடிதம் சொல்லவில்லை, காட்டு வான்கோழி அந்தப் பக்கம் இருந்ததால் அதுவும் இருந்திருக்கலாம். உருளைக்கிழங்கு மசியலும் பூசணிப் பையும் நிச்சயம் இல்லை.

அதை யாரும் அப்போது பண்டிகையாக நினைக்கவில்லை. 1841-இல் அந்தக் கடிதத்தை மறுபதிப்பு செய்தவர் "இதுதான் முதல் நன்றி தெரிவிக்கும் விழா" என்று ஓர் அடிக்குறிப்பு போட்டார், 1863-இல் உள்நாட்டுப் போரின் நடுவே லிங்கன் நாடு முழுவதற்கும் நன்றி தெரிவிக்கும் நாளை அறிவித்தார், இரண்டும் பிற்பாடு ஒட்டிக்கொண்டன. அப்புறம் அந்த நட்பு எவ்வளவு நாள் நீடித்தது என்பதையும் சொல்ல வேண்டும். மாசசாய்ட்டின் மகன் மெட்டகாம் 1675-இல் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரில் இறங்கினார், 1676-இல் கொல்லப்பட்டார். அவர் தலையைக் கம்பத்தில் செருகி பிளிமத்திலேயே வைத்தார்கள், விருந்து நடந்த அதே ஊரில்.

போகாஹொண்டாஸும் ஜான் ஸ்மித்தும் காதலிச்சாங்கதானே? படத்துல பார்த்தோம்.

போகாஹொண்டாஸ் வர்ஜீனியாவின் பூர்வகுடித் தலைவர் ஒருவரின் மகள், 1607-இல் அந்தப் பெண்ணுக்கு 10, 11 வயது. ஜேம்ஸ்டவுனுக்கு வந்த ஸ்மித்துக்கு 27 இருக்கும். பூர்வகுடிகள் தன்னைச் சிறைபிடித்துக் கொல்லப் போனபோது அவள் குறுக்கே விழுந்து காப்பாற்றினாள் என்று ஸ்மித் விரிவாக எழுதியது 1624-இல்தான். அதே சிறைப்பட்ட அனுபவத்தை 1608-லேயே அவர் எழுதி அச்சாகியிருக்கிறது, அதில் இந்தக் காட்சி இல்லை. 1624-இல் மறுத்துச் சொல்ல அவளும் உயிரோடு இல்லை.

நடந்தது இதுதான்: 1613-இல் ஆங்கிலேயர்கள் அவளைக் கடத்திப் பிணையாக வைத்தார்கள். அங்கே ஞானஸ்நானம் பெற்று ரெபேக்கா ஆனாள், 1614-இல் புகையிலை விவசாயி ஜான் ரால்ஃபைக் கல்யாணம் செய்தாள். ஜேம்ஸ்டவுனை நடத்திய கம்பெனி தன் விளம்பரத்துக்காக அவளை லண்டனுக்கு அழைத்துப்போய்க் காட்டியது. 1617-இல் ஊர் திரும்பக் கப்பலேறிய கையோடு கிரேவ்சென்டில் இறந்துபோனாள்.

மன்ஹாட்டனை 24 டாலருக்குப் பாசிமணி கொடுத்து வாங்கினாங்களாமே?

இதற்குக் கிடைத்திருக்கும் ஆதாரம் 1626-இல் ஒரு டச்சு அதிகாரி எழுதிய கடிதத்தில் ஒரு வரி. 60 கில்டர் (டச்சு நாணயம்) மதிப்புக்கு வாங்கினார்கள் என்று இருக்கிறது, பாசிமணி பற்றி ஒன்றுமில்லை. விற்பனைப் பத்திரமும் மிஞ்சவில்லை. 24 டாலர் என்பது 19-ஆம் நூற்றாண்டில் ஒருவர் போட்ட நாணயக் கணக்கு, அதை அப்படியே இன்றுவரை ஒப்பிக்கிறார்கள். நிலத்தை ஒரேயடியாக விற்றுவிட்டு வெளியேறுவது என்ற வழக்கமே அங்கிருந்த பூர்வகுடிகளான லெனாபே மக்களிடம் இருக்கவில்லை. சேர்ந்து பயன்படுத்த இசைவு தந்ததாகவே அவர்கள் எடுத்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

சேலத்துல சூனியக்காரிகளை உயிரோட எரிச்சாங்களே, எத்தனை பேர்?

நம்ம சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம். எரிக்கப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. 1692-இல் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், அதில் 14 பெண்கள், 5 ஆண்கள். ஜைல்ஸ் கோரி என்ற முதியவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை மறுக்கவும் இல்லை என்பதால், வாயைத் திறக்க வைப்பதற்காக மேலே பாறாங்கற்களை அடுக்கினார்கள், அப்படியே செத்துப்போனார். சிறையிலும் சிலர் இறந்தார்கள். எரிப்பது ஸ்காட்லாந்திலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் இருந்த வழக்கம். ஆங்கிலச் சட்டப்படி சூனியத்துக்குத் தண்டனை தூக்கு, காலனியில் நடந்ததும் அந்தச் சட்டம்தான்.

இதில் விசித்திரம், குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் பிழைத்தார்கள், மறுத்தவர்கள்தான் தொங்கினார்கள். "இவளுடைய ஆவி ராத்திரி வந்து என்னைக் கிள்ளியது" என்பதெல்லாம் சாட்சியமாக ஏற்கப்பட்டது. அக்டோபரில் ஆளுநர் ஃபிப்ஸ் அந்த நீதிமன்றத்தைக் கலைத்தார். 1711-இல் பலருடைய குடும்பங்களுக்கு நஷ்டஈடு கொடுத்தார்கள். தண்டனை விதிக்கப்பட்டவர்களில் கடைசியாக ஒரு பெண்ணின் பெயரிலிருந்த களங்கம் துடைக்கப்பட்டது 2022-இல்.

அடிமை முறை தெற்கு மாநிலங்கள்ல மட்டும்தானே இருந்தது?

காலனிக் காலத்தில், பிற்பாடு ஐக்கிய அமெரிக்காவான 13 பிரிட்டிஷ் காலனிகளிலும் சட்டப்படி இருந்தது. அடிமை முறைக்கு முதலில் எழுத்தில் சட்ட வடிவம் கொடுத்தது எது தெரியுமா? 1641-இல் மாசசூசெட்ஸ், மேலே பார்த்த அதே பியூரிட்டன் காலனி. ஜார்ஜியா மட்டும் ஆரம்பத்தில் தடை செய்திருந்தது, அதையும் 1751-இல் எடுத்துவிட்டார்கள். நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட்டில் 1711-இல் அடிமைச் சந்தை வைத்தார்கள். ரோட் தீவின் நியூபோர்ட் துறைமுகத்துக் கப்பல்கள்தான் ஆப்பிரிக்காவுக்குப் போய் ஆள் ஏற்றிவந்த அமெரிக்கக் கப்பல்களில் பெரும்பங்கு. 1991-இல் மன்ஹாட்டனில் அரசுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது ஆப்பிரிக்கர்களின் பெரிய இடுகாடு வெளிப்பட்டது, நியூயார்க்காரர்களே பலர் அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள்.

1770-களில் 13 காலனிகளின் மக்கள்தொகை சுமார் 25 லட்சம். அதில் ஐந்தில் ஒருவர் அடிமை.

வெள்ளைக்காரங்களும் அடிமையா இருந்தாங்களே, அதைப் பத்தி ஏன் யாரும் பேசறதில்லை?

வாட்ஸப் கேள்வி என்று பார்த்ததுமே தெரிகிறது. வெள்ளையர்கள் ஒப்பந்த வேலைக்காரர்களாக ஏராளமாக வந்தார்கள், 13 காலனிகளுக்கு வந்த ஐரோப்பியரில் பாதிக்கும் மேல் அப்படித்தான். கப்பல் கட்டணத்துக்கு ஈடாக நான்கு முதல் ஏழு வருஷ உழைப்பு. அடி, உதை, பட்டினி எல்லாம் உண்டு, பலர் கெடு முடிவதற்குள் செத்தார்கள். நம்மவர்கள் பிற்காலத்தில் மொரீஷியசுக்கும் ஃபிஜிக்கும் போன ஒப்பந்தக் கூலி முறைக்கு இது தூரத்து அண்ணன். ஆனால் கெடு என்று ஒன்று இருந்தது, பிள்ளைகள் சுதந்திரமாகப் பிறந்தார்கள்.

வித்தியாசம் எப்படி உருவானது என்பதை ஒரே வழக்கில் பார்க்கலாம். 1640-இல் வர்ஜீனியாவில் மூன்று வேலைக்காரர்கள் சேர்ந்து ஓடிப்போய் மேரிலாந்தில் பிடிபட்டார்கள். ஒருவர் டச்சுக்காரர், ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர், மூன்றாமவர் ஜான் பஞ்ச் என்ற கறுப்பர். மூவருக்கும் முப்பது கசையடி. முதல் இருவருக்கும் கூடுதலாக நான்கு வருஷ வேலை. பஞ்சுக்கு ஆயுள் முழுக்க. குற்றம் ஒன்று, நாளும் ஒன்று. 1662-இல் தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று வர்ஜீனியா சட்டம் போட்டது, அதோடு கதவு சாத்தப்பட்டது. பிள்ளையின் அப்பா யார் என்ற கேள்வி முதலாளிகளுக்குச் சங்கடம் தரக்கூடாதே.

பாஸ்டன்ல தேயிலையைக் கடல்ல கொட்டினது டீ விலை ஏறினதாலதானே? அது நம்ம ஊர் டீயா?

விலை இறங்கியதால். இதைச் சொன்னால் கேட்பவர் முகம் ஒரு மாதிரி போகும். வங்காளத்தில் 1770 பஞ்சத்துக்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி கடனில் மூழ்கிக்கிடந்தது, லண்டன் கிடங்குகளில் தேயிலை தேங்கியிருந்தது. அதைத் தள்ளிவிட, கம்பெனியே நேராக அமெரிக்காவில் விற்கலாம் என்று 1773-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. புது வரி எதுவும் இல்லை, 1767-லிருந்து இருந்த ராத்தலுக்கு மூன்று பென்ஸ் வரி அப்படியே இருந்தது, வரியோடு சேர்த்தும் கள்ளக்கடத்தல் டச்சுத் தேயிலையை விட மலிவு. கடத்தல் வியாபாரிகளுக்கு வயிற்றில் அடி. மற்றவர்களுக்கு, மலிவு டீயைக் காட்டி நம்மைக் கேட்காமல் போட்ட வரியை நம்மையே ஒத்துக்கொள்ள வைக்கிறார்கள் என்ற கோபம். ஆசியாவில் கம்பெனி என்ன செய்தது என்று பாருங்கள், அடுத்து நம்மிடம் வருகிறார்கள் என்று காலனித் தலைவர்களில் ஒருவரான ஜான் டிக்கின்சன் அப்போதே எழுதினார்.

டிசம்பர் 16, 1773 இரவு மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டிகள் கடலுக்குள் போயின. எல்லாம் சீனத் தேயிலை. அசாமில் தேயிலைத் தோட்டம் வந்தது 1830-களில், நீலகிரியும் சிலோனும் அதற்கும் பிறகு.

13 காலனியும் ஒண்ணா சேர்ந்து போராடுச்சு, எல்லாரும் சுதந்திரம் கேட்டாங்க, சரியா?

அமெரிக்கப் பகுதியில் பிரிட்டனுக்கு 13-க்கும் மேல் காலனிகள் இருந்தன. கியூபெக், நோவா ஸ்கோஷியா, ஃபுளோரிடாக்கள் இரண்டு, ஜமைக்கா, பார்படோஸ் எல்லாம் கலகத்தில் சேரவில்லை. லண்டன் கணக்கில் பாஸ்டனை விடச் சர்க்கரை விளைந்த ஜமைக்காதான் பொன் முட்டையிடும் வாத்து.

13-க்குள்ளேயும் ஒருமனம் இல்லை. வெள்ளையரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மன்னர் பக்கம் என்று சொல்வார்கள், போர் முடிந்ததும் சுமார் 60,000 பேர் நாட்டை விட்டே போனார்கள். 1775-இல் வர்ஜீனியா ஆளுநர் டன்மோர், கலகக்கார முதலாளிகளிடமிருந்து தப்பி வந்து மன்னர் படையில் சேரும் அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்ததும் ஆயிரக்கணக்கில் ஓடிப்போனார்கள். அவர்களுக்குச் சுதந்திரம் பிரிட்டிஷ் பக்கம் இருந்தது.

ஜூலை 4 அன்னைக்கு எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்கதானே?

சுதந்திரத்துக்கு வாக்களித்தது ஜூலை 2, 1776. இனி ஜூலை 2-ஐத்தான் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடுவார்கள் என்று பின்னாளில் அதிபரான ஜான் ஆடம்ஸ் மனைவிக்குக் கடிதமே எழுதினார், பாவம். ஜூலை 4 சுதந்திரப் பிரகடன வாசகத்தை ஏற்ற நாள். பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2.

யேல் பல்கலைக்கழகத்தை ஆரம்பிச்சது நம்ம சென்னை கவர்னர்னு சொல்றாங்களே, நிஜமா?

பாதி நிஜம். எலிஹு யேல் 1649-இல் பாஸ்டனில் பிறந்தார், மூன்று வயதில் குடும்பத்தோடு இங்கிலாந்து போனவர் திரும்பி அந்தப் பக்கம் வரவே இல்லை. 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். சொந்த வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தார், அவர் காலத்தில் மதராஸிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டதும் பதிவாகியிருக்கிறது, கடைசியில் புகார்கள் குவிந்து பதவி போயிற்று. கனெக்டிகட்டில் அந்தக் கல்லூரி 1701-லேயே தொடங்கிவிட்டது. 1718-இல் பணமுடையில் இருந்தபோது யேல் ஒன்பது பொதி சரக்கும் 417 புத்தகங்களும் முதலாம் ஜார்ஜ் மன்னரின் படமும் அனுப்பினார். சரக்கை விற்றதில் சுமார் 562 பவுண்டு வந்தது, கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். அந்தப் பொதிகளில் இருந்தது பெரும்பாலும் துணிமணிகள். மதராஸ் சம்பாத்தியம்தான் என்பதில் சந்தேகமில்லை.

யேலைப் பற்றிக் கேட்பவர்கள் அவருக்கு அடுத்து வந்தவரைக் கேட்பதில்லை, எனக்கு அவர்தான் சுவாரசியம். நதானியேல் ஹிக்கின்சன், கனெக்டிகட்டில் பிறந்து ஹார்வர்டில் படித்தவர், 1688-இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது அதன் முதல் மேயர், 1692-இல் ஆளுநர். அவருடைய அப்பா ஜான் ஹிக்கின்சன் யார் என்றால், மேலே சொன்ன அந்தச் சேலத்தின் மூத்த பாதிரியார். மகன் இங்கே கோட்டையில் ஆளுநராகப் பதவியேற்ற அதே 1692-இல், மகள் ஆன் டாலிவரைச் சூனியக்காரி என்று அங்கே கைது செய்து விசாரித்தார்கள். தூக்குவரை போகவில்லை. ஹிக்கின்சன் 1698 வரை மதராஸை ஆண்டார், பிறகு இங்கிலாந்து போய், யேலைப் போலவே, லண்டனில் இறந்தார்.